விட்டவர் சொன்னால் ஏன் கேட்பதில்லை?

அன்புள்ள ஐயா,

ஒரே நாளில் சிகரெட்டை விட்டேன், ஏழு மாதம் ஆகிறது. தம்பியும் விட வேண்டும், தினமும் நிறையக் குடிக்கும் நண்பரும் மீள வேண்டும் என்று ஆசை. "என்னைப் பார், நான் விடவில்லையா?" என்று சொன்னால் தம்பி எழுந்து போய்விடுகிறான். தன்னை மாற்றிக்கொண்டவரால்தான் பிறரை மாற்ற முடியும் என்கிறார்கள். நான்தான் மாறிவிட்டேனே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தம்பியை எழுந்து போகவைப்பது அந்த "நான் விடவில்லையா?"தான். அவன் காதில் அது "உனக்குத் துப்பில்லை" என்றுதான் விழும்.

ஒரு கஷ்டத்தைத் தாண்டியவருக்கு, அதில் திணறுகிறவர்மேல் இரக்கம் கூடும் என்று நம்புகிறோம். ரேச்சல் ரட்டனும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. உறைகுளிர் ஏரியில் குதிக்க வந்தவர்களிடம், கடைசி நேரத்தில் பின்வாங்கிய ஒருவரைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். குதிக்கக் காத்திருந்தவர்களைவிட, குதித்து முடித்தவர்களே அவரை இளக்காரமாகப் பார்த்தார்கள். தாண்டியது நினைவிருக்கிறது, பட்ட பாடு மங்கிவிடுகிறது.

அதனால் முதலில் உங்கள் முதல் மாதத்தை எழுதிப் பாருங்கள். நிக்கோட்டினை நிறுத்தியதும் வரும் எரிச்சலும் தூக்கக் கேடும் முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு மூன்று நான்கு வாரங்களில் அடங்கும். எந்த வேளையில் கை தானாகப் பாக்கெட்டைத் தேடியது? இதற்கு முன் எத்தனை முறை விட்டு, எதனால் மறுபடி பற்றவைத்தீர்கள்? தம்பி கேட்டால் காட்ட வேண்டியது அந்தப் பக்கம். ஏழு மாதக் கணக்கு அவனுக்கு எதற்கு?

பேசுமுன் "இதைப் பற்றிப் பேசலாமா?" என்று கேளுங்கள். வேண்டாமென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சரியென்றால், "விடுவது உனக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10க்குள் சொல்" என்று கேட்கலாம். அவன் 4 என்கிறான் என்று வையுங்கள். "ஏன் 8 இல்லை?" என்றால் விடாததற்குக் காரணங்களை அடுக்குவான். "ஏன் 1 சொல்லாமல் 4 சொன்னாய்?" என்றால் விடுவதற்கான காரணம் அவன் வாயிலிருந்தே வரும். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்து, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த, மாறுவதற்கான காரணத்தை அவரவர் வாயாலேயே சொல்லவைக்கும் ஊக்க நேர்காணல் முறையில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி இது. அவன் சொன்னதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். ஒரு கேள்வி கேட்டால் இரண்டு முறையாவது இப்படித் திருப்பிச் சொல்லுங்கள். கேள்வியாகவே அடுக்கினால் போலீஸ் விசாரணை ஆகிவிடும். காரணத்தை நீங்களே எடுத்துக்கொடுத்தாலோ, அதை மறுப்பது அவன் வேலையாகிவிடும்.

நண்பர் விஷயத்தில் உங்கள் அனுபவத்தை அப்படியே ஓரமாக வையுங்கள். சிகரெட்டை ஒரே நாளில் நிறுத்துவது வேதனை, ஆனால் ஆபத்தில்லை. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் மனக்குழப்பமும் மாயக்காட்சிகளும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். "நாளையிலிருந்து தொடாதே, பார்க்கலாம்" என்று சவால் விட்டுவிடாதீர்கள். நிறுத்தும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும், மருந்தும் கண்காணிப்பும் தேவைப்படலாம். துணைக்குப் போங்கள். மருத்துவர் அறைக்குள், தினமும் எவ்வளவு குடிக்கிறார் என்ற கணக்கை மட்டும் அவரே சொல்லட்டும்.