விண்டோஸ் 10-ஐ வைத்திருக்கவா, விடவா?

இந்த மாதம் வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசியும் ஒரே விசயம்தான்: விண்டோஸ் 11-க்கு மாறுவதா, பேசாமல் இருப்பதா. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். போன் பற்றரி பற்றிக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கனடாவில் இருக்கும் மகள் 2017 கடைசியில் வந்தபோது தந்த லப்டொப்பைத்தான் இன்னும் பாவிக்கிறேன். விண்டோஸ் 10. திறந்தால் சிலவேளை முழுத்திரையையும் மறைத்துக்கொண்டு 'ஆதரவு முடிந்துவிட்டது' என்று ஓர் அறிவித்தல் வருகிறது. பக்கத்து வீட்டுப் பெடியன் "இனி இது ஓடாது ரீச்சர், புதுசு வாங்குங்கோ" என்கிறான். திரும்பவும் மகளிடம் கேட்க மனமில்லை. உண்மையிலேயே ஓடாதா?
— வாசகி, கோண்டாவில்

ஓடும் ரீச்சர். நாளைக்கும் ஓடும், அடுத்த வருசமும் ஓடும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் நிறுத்தியது விண்டோஸ் 10-க்கு மாதாமாதம் இலவசமாக அனுப்பிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை. கணினிக்குள் களவாக நுழைய யாராவது புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தால் அதை அடைத்து அனுப்புவது அந்தத் திருத்தம்தான். வீடு அப்படியே இருக்கிறது, வேலியில் பொட்டு விழுந்தால் அடைக்க ஆள் வராது, அவ்வளவுதான். ஆனால் பொட்டு விழுந்த வேலியோடு எத்தனை நாள் இருக்கலாம் என்பது வீட்டுக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த லப்டொப்பில் வங்கிக் கணக்குப் பார்க்கிறீர்களா, பென்சன் விசயம் ஏதும் செய்கிறீர்களா என்று எழுதவில்லை. செய்கிறீர்கள் என்றால் சும்மா இருக்கக்கூடாது.

முதலில் ஒன்று பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் கடைசியில் அபௌட். அங்கே புரொசெசர் என்ற வரியில் ஐ5-7200 மாதிரியோ ஐ5-8250 மாதிரியோ ஓர் இலக்கம் இருக்கும். கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம்தான் தலைமுறை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 ஏற்கும் (ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு, உங்களுடையது அதில் வராது). 2017 கடைசி என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் வில்லங்கமான காலம். அந்த வருசக் கடைசியில் ஏழும் எட்டும் ஒரே கடையில், ஒரே மாதிரிப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் விற்றன. வெளியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எட்டு என்று இருந்தால் புதிது வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் அப்டேற்றுக்குள் போனால் 11-க்கு மாறும்படி அதுவே கேட்டிருக்கும், இலவசம்.

ஏழு என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித் தரும் திட்டம் ஒன்று உண்டு. அதே விண்டோஸ் அப்டேற் பக்கத்தில் சேரச் சொல்லி ஓர் இணைப்பு தெரியும். மைக்ரோசொப்ட் அக்கவுண்ட் ஒன்று வேண்டும். செட்டிங்ஸை அந்த அக்கவுண்டோடு சேர்த்துச் சேமிக்க விட்டால் காசு கேட்காது; அது பிடிக்காவிட்டால் 30 டொலர். பெடியனிடம் இதைச் செய்து தரச் சொல்லுங்கள். ஓடாது என்று சொன்னதற்கு இதாவது செய்யட்டும்.

கேள்வி: சுன்னாகம் பக்கம் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். இரண்டு கணினி. கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், கல்வெட்டு (இறந்தவர் நினைவுப் புத்தகம்) எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான், எழுத்து பாமினி. கணினி திருத்த வரும் தம்பி இரண்டையும் விண்டோஸ் 11 ஆக்குவோம் என்கிறார். பாமினி வேலை செய்யாது என்று இன்னொருவர் பயப்படுத்துகிறார். யார் சொல்வது சரி?
— அச்சக உரிமையாளர்

இருவரும் பாதி சரி அண்ணை. பாமினிக்கும் விண்டோஸுக்கும் சண்டை ஒன்றும் இல்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய ஒரு எழுத்துரு. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் ஆங்கிலம்தான் அடிக்கிறீர்கள். எந்த விண்டோஸிலும் அந்த எழுத்துருக் கோப்பைப் போட்டால் வேலை செய்யும், 11-இலும் செய்யும். பிரச்சினை வருவது அது இல்லாமல் போகும்போது.

இதில் நானே சூடுபட்டவன். சொந்தக்காரர் ஒருவரின் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். தேவாரம், திருவாசகம், வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் அடித்து முடித்தாயிற்று, அச்சுக்குக் கொடுக்க இரண்டு நாள் இருந்தது. அந்த இடைவெளியில் எனக்கு ஒரு வேண்டாத வேலை: கணினி மெதுவாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புது விண்டோஸ் போட்டேன். கோப்புகளைப் பென் ட்ரைவ்வில் எடுத்து வைத்திருந்தேன், எழுத்துருக்களை எடுக்கவில்லை. காலையில் திறந்தால் 'அம்மா' என்று இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இருபத்துநான்கு பக்கமும் அப்படித்தான். சரி, ஒரு நண்பரிடம் பாமினி வாங்கிப் போட்டேன். எழுத்து திரும்பி வந்தது, ஆனால் அவரிடம் இருந்த பாமினி என்னுடையதைவிட ஒரு துளி அகலம். வரியெல்லாம் இடம்மாறி, தேவாரத்தின் கடைசி அடி அடுத்த பக்கத்துக்குப் போய், இருபத்துநான்கு பக்கம் இருபத்தாறு ஆகிவிட்டது. விடியவிடிய இருந்து திருத்தினேன். பாமினி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் ஊரில் உலாவுகின்றன என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

ஆகவே யார் என்ன சொன்னாலும் முதல் வேலை, சி ட்ரைவ்வில் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பொன்ற்ஸ் போல்டரை அப்படியே ஒரு பென் ட்ரைவ்வுக்கு எடுத்துவைப்பது. இன்றைக்கே. திரும்ப அடிக்க வரக்கூடிய வேலைகளை பி.டி.எப். ஆகவும் சேமித்துவிடுங்கள். லதா எழுத்துருவில் யாராவது கோப்பு கொண்டுவந்தால் இன்னொரு விசயம்: விண்டோஸ் 10 காலத்திலிருந்தே லதா தானாக வராது, செட்டிங்ஸில் ஒப்ஷனல் பீச்சர்ஸ் என்ற இடத்தில் தமிழ் துணை எழுத்துருக்கள் என்று தேடிச் சேர்க்க வேண்டும். லதாவைக் காணவில்லை என்று விண்டோஸ் 11-ஐத் திட்டுபவர்களில் பாதிப்பேர் இதைத்தான் திட்டுகிறார்கள்.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதன்பிறகு புதுப் பதிப்பே இல்லை. சிலரிடம் 11-இலும் ஓடுகிறது, சிலரிடம் பிரிண்ட் கொடுக்கும் நேரத்தில் படுக்கிறது. ஓடும் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேன். பிரிண்டர் இன்னும் முக்கியம். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பு கிடையாது. உங்கள் பழைய பிரிண்டருக்கு 32 பிட் டிரைவர் (பிரிண்டரைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) மட்டும்தான் இருக்கிறது என்றால் அது 11-இல் ஏறவே ஏறாது. பிரிண்டரின் மொடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு தயாரித்த கொம்பனியின் தளத்தில் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தத் தம்பியைக் கணினியைத் தொட விடாதீர்கள்.

என்னைக் கேட்டால், உழைத்துத் தரும் கணினியில் கைவைக்க வேண்டாம். அது 10-இலேயே இருக்கட்டும், ஆனால் இன்டர்நெட் வயரைக் கழற்றிவிடுங்கள். மற்றதை 11 ஆக்குங்கள். மெயில், வட்ஸ்அப், வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் ட்ரைவ் எல்லாம் அதில்தான். ஊரிலுள்ள பென் ட்ரைவ் எல்லாம் ஏறி இறங்கும் இடம் அச்சகம். அதிலே ஸ்கான் பண்ணிய பிறகுதான் கோப்பு பேஜ்மேக்கர் கணினிக்குப் போக வேண்டும். இதையும் திருவிழாக் காலத்தில் தொடங்கிவிடாதீர்கள், வேலை குறைந்த ஒரு கிழமையாகப் பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: என்னுடையது ஆறாம் தலைமுறை. ஏதோ ஒரு சொப்ட்வெயாரால் பென் ட்ரைவ் செய்து, 11-ஐ ஏமாற்றிப் போடலாமாமே?
— வாசகர், பருத்தித்துறை

போடலாம், ஓடும். ஆனால் அப்டேற் ஒழுங்காக வரும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தரவில்லை, வருடாந்தப் பெரிய அப்டேற்றுக்கு திரும்பவும் அதே வித்தை காட்ட வேண்டிவரும். பாதுகாப்புக்காக மாறுபவர் அந்தப் பாதுகாப்பே நிச்சயமில்லாத வழியில் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. விளையாட்டுக் கணினி என்றால் செய்யுங்கள்.

கேள்வி: கம்பஸ் முதலாம் வருசம். பாவித்த லப்டொப் ஒன்று வாங்கினேன், விண்டோஸ் 11 போட்டே தந்தார்கள். 4 ஜிபி ராம், எட்டாம் தலைமுறை. திறக்க ஐந்து நிமிசம். திரும்ப 10-க்கு இறங்கட்டா?
— மாணவர், சாவகச்சேரி

இறங்காதீர்கள் தம்பி. விண்டோஸில் பழி போடுகிறீர்கள், கள்ளன் வேறு ஆள். டாஸ்க் மனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற நிரலைப் பாருங்கள். நூறு வீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? அப்படியென்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க். அதில் 10-உம் இப்படித்தான் இழுக்கும். 4 ஜிபி ராம் என்பது 11-க்கு மைக்ரோசொப்ட் எழுதிவைத்த ஆகக்குறைந்த அளவு, பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்துவிட்டு மனிதர் வேலை செய்கிற அளவு இல்லை. ஒரு எஸ்.எஸ்.டி. (சுற்றாத, வேகமான டிஸ்க்), 8 ஜிபி ஆக்க ராம், இரண்டும்தான் மருந்து. இரண்டுக்கும் காசு இல்லையென்றால் எஸ்.எஸ்.டி. முதலில். யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் நாலு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள், ராம் சேர்க்க உள்ளே இடம் இருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சில மெல்லிய லப்டொப்களில் ராமைப் பலகையோடு ஒட்டியே விட்டிருப்பார்கள்.

மற்றது, கடையில் போட்டுத் தந்தது என்கிறீர்கள். செட்டிங்ஸில் அக்டிவேஷன் பக்கத்தில் விண்டோஸ் முறையான உரிமத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள், கூடவே விண்டோஸின் வைரஸ் காவலான டிபென்டர் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். களவாக அக்டிவேற் பண்ணும் சாமான்களைப் போடும்போது வைரஸ் காவலை நிறுத்திவிட்டுத்தான் போடுவார்கள், பிறகு திரும்பப் போட மறந்துவிடுவார்கள். அப்படி இருந்தால் எஸ்.எஸ்.டி. மாற்றும்போதே மைக்ரோசொப்ட் தளத்தில் இறக்கிய விண்டோஸைச் சுத்தமாகப் போடுங்கள். லப்டொப் முதலில் விண்டோஸோடு வந்தது என்றால் அதன் சாவி பெரும்பாலும் பலகைக்குள்ளேயே இருக்கும், இன்டர்நெட் வந்ததும் தானாக எடுத்துக்கொள்ளும். கோப்பு ஐந்து ஜிபிக்கு மேல், ஆகவே இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் விண்டோஸ் 7 கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. பிள்ளைகளுக்குப் பிரயோசனப்படுத்த முடியுமா? எறிந்துவிடலாம் என்கிறார் பொருளாளர்.
— செயலாளர்

எறிய வேண்டாம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு ஆதரவு முடிந்தது, குரோம் பிரவுசரும் 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. அப்படியே இன்டர்நெட்டில் விடக்கூடாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் போடுங்கள், இலவசம். பென் ட்ரைவ்விலிருந்து நேரே ஓட்டிப் பார்க்கலாம். சவுண்ட் வருகிறதா, வைபை பிடிக்கிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றலாம். தமிழ் யூனிகோட் பிரச்சினையில்லை, லிப்ரே ஒபிஸில் கடிதம் எழுதலாம். பொருளாளர் விண்டோஸ் மாதிரி இல்லையே என்பார். அவர் தொடாவிட்டால் பரவாயில்லை, பிள்ளைகள் ஒரு பின்னேரத்தில் பழகிவிடுவார்கள்.

கேள்வி: புது லப்டொப், விண்டோஸ் 11. பயோஸில் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் அடிப்படைச் செட்டிங்ஸ்) ஏதோ மாற்றினோம், இப்போது 48 இலக்கச் சாவி ஒன்று கேட்டு நிற்கிறது. நாங்கள் பூட்டே போடவில்லையே?
— வாசகர், நல்லூர்

நீங்கள் போடவில்லை, அதுவாகப் போட்டுக்கொண்டது. புது லப்டொப்களில் மைக்ரோசொப்ட் அக்கவுண்டால் உள்ளே போனவுடன் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடும் வழக்கம் வந்திருக்கிறது, அதன் சாவி அந்த அக்கவுண்டில்தான் கிடக்கும். போனில் அதே அக்கவுண்டுக்குள் போய் டிவைசஸ் என்ற இடத்தில் பாருங்கள். அக்கவுண்ட் கடைக்காரர் தன் மெயிலில் திறந்து தந்தது என்றால் இன்றைக்கே அவரைப் பிடியுங்கள். சாவி இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது.

கேள்வி: 11-க்கு மாறி ஒரு கிழமை. ஸ்ரார்ட் பட்டன் நடுவில் நிற்கிறது, பிடிக்கவே இல்லை. திரும்பலாமா?
— வாசகி, கொக்குவில்

பத்து நாளுக்குள் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, அங்கே கோ பாக். பத்து நாள் தாண்டினால் பழையதை அது அழித்துவிடும். ஆனால் பட்டனுக்காகத் திரும்பாதீர்கள் பிள்ளை. கீழ்ப்பட்டையில் வலது கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸ் போனால், அலைன்மென்ற் என்று ஒரு வரி. லெப்ட் என்று மாற்றுங்கள், பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.