பறவைக்காகக் காத்திருக்கும் உண்ணி: சில கேள்விகள், பதில்கள்

துருவப் பகுதிக் கடற்பறவைகளைத் தாக்கும் உண்ணிகளையும் அவை பரப்பும் நோய்களையும் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: அந்தக் குளிரில் உண்ணி எப்படிப் பிழைக்கிறது? இறகுக்குள் கதகதப்பாக ஒளிந்துகொள்கிறதா?

இல்லை. பலரும் இடறுவது இங்கேதான். இக்சோடஸ் யூரியே என்ற இந்த உண்ணியின் வீடு பறவை அல்ல, பறவை கூடு கட்டும் தரை. லார்வாவாக ஒரு முறை, அதற்கடுத்த இளம்பருவமான நிம்ஃபாக ஒரு முறை, வளர்ந்த பெண் உண்ணியாக ஒரு முறை என ஆயுளில் மூன்றே வேளைதான் இரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு வேளையும் சில நாள்கள் நீளும், அவ்வளவுதான். வளர்ந்த ஆண் குடிப்பதே இல்லை. மற்றக் காலமெல்லாம் கல்லிடுக்கிலும் மண்ணிலும் பட்டினிதான். அன்டார்க்டிக் தீபகற்பத்தை ஒட்டிய தீவுகளில் ஒரு கல்லைப் புரட்டினால் கும்பல் கும்பலாக ஒட்டிக்கிடக்கும். அப்படி நெருங்கிக் கிடந்தால் உடல் ஈரம் எளிதில் வற்றாது. மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தாலும் உடல்நீர் உறையாமல் தாக்குப்பிடிக்கும்.

கேள்வி: எம்பரர் பென்குயினுக்கும் இந்தத் தொல்லை உண்டா?

அது முட்டையிட்டு அடைகாப்பது உறைந்த கடலின்மேல். அங்கே உண்ணி ஒளிய மண் ஏது, கல் ஏது? தப்பித்தது.

கேள்வி: இத்தனூண்டு பூச்சி கடித்துப் பெரிய பறவை சாகுமா?

முதலில், உண்ணி பூச்சி அல்ல, எட்டுக்கால் கொண்ட சிலந்தி இனத்து உறவு. சாகுமா என்றால், எண்ணிக்கை மிகுந்தால் சாகும். தென் இந்தியப் பெருங்கடலின் குரோசே தீவுகளில் உடல் முழுக்க உண்ணி மொய்த்த கிங் பென்குயின்கள் இறந்தது பதிவாகியிருக்கிறது. அலகு எட்டாத தலையிலும் கழுத்திலும் அவை கடித்துத் தொங்குவதுதான் கொடுமை.

கேள்வி: லைம் நோய் காட்டு எலி, மான் சம்பந்தப்பட்டது என்றல்லவா படித்தோம்?

நானும் அப்படித்தான் படித்தேன். 1993-இல் சுவீடனின் போண்டன் தீவில், ரேசர்பில் பறவைகளுக்கும் அவற்றின் உண்ணிகளுக்கும் இடையே, லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா பாக்டீரியா சுற்றிவருவது தெரியவந்தது. இரண்டு ஆண்டு கழித்து, அதே வகைப் பாக்டீரியாவின் மரபணுத் தடயம் வட, தென் அரைக்கோளங்கள் இரண்டிலும் கிடைத்தது. உண்ணியால் தானாகக் கடலைக் கடக்க முடியாது. நெடுந்தூரம் வலசை போகும் பறவைதான் தன் உடலில் பாக்டீரியாவைச் சுமந்து சென்றிருக்க வேண்டும் என்பதே நம்பத்தக்க விளக்கம். இதனால் பறவைகள் பெரிதாக நோயுறுவதாகத் தெரியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இன்னொன்று: கிட்டிவேக் என்ற கடற்பறவையின் தாய், பொரேலியாவுக்கு எதிரான தன் எதிர்ப்பொருளை முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கொடுத்துவிடுகிறது. உண்ணி காத்திருக்கும் கூட்டில் பிறக்கப்போகும் குஞ்சுக்கு இதைவிடச் சீதனம் வேண்டுமா?

கேள்வி: வைரஸ்கள்?

நிறையவே. நியூஃபவுண்ட்லாந்தில் கிரேட் ஐலண்ட் வைரஸ், ஓகோட்ஸ்க் கடலில் தியூலேனி வைரஸ், மக்குவாரி தீவில் நகெட், கேஜெட்ஸ் கல்லி வைரஸ்கள். கிடைத்த இடத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். பெயர் சூட்டுவதில் விஞ்ஞானிகள் சோம்பேறிகள்.

கேள்வி: 2023-இல் தென் அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியா தீவில் ஸ்குவா கடற்பறவைகள் இறந்ததற்கும் உண்ணிதான் காரணமா?

அல்ல. அது எச்5என்1 பறவைக் காய்ச்சல். எச்சம், சளி, பிணம் வழியாகப் பரவுவது.

கேள்வி: பறவைக் கூட்டங்களுக்கு நடுவே வேலை செய்யும் மனிதர்களுக்கு ஆபத்து உண்டா?

கடிக்கும். ஃபாரோ தீவுகளில் பஃபின் கடற்பறவை பிடிப்பவர்கள் சிலரின் இரத்தத்தில் பொரேலியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. உண்ணி ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். நெருப்பு, எண்ணெய் வைத்தியமெல்லாம் வேண்டாம். பிறகு தோல் சிவந்து படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

கேள்வி: பூமி சூடாவதால் இது கூடுமா?

ஆர்க்டிக்கிலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் பாறைகளில் கூடு வைக்கும் புரூனிச் கில்லமாட் பறவைகளிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். குளிர்காலம் மிதமாக இருந்தால், அடுத்த கோடையில் உண்ணி ஒட்டிய பறவைகள் அதிகம். பறவைகள் கடலில் இருக்கும் அந்த மாதங்களில் பாறை இடுக்கில் எத்தனை உண்ணி உயிரோடு மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தே அடுத்த பருவத்தின் கணக்கு.