தேடப்படுகிறவளே போன் செய்தால் துப்பறிவாளன் எதற்கு?

கேள்வி: நண்பர் சொன்னாரே என்று வால்டர் மோஸ்லியின் ‘டெவில் இன் எ ப்ளூ டிரஸ்’ வாங்கினேன். பாதியில் நிற்கிறேன். ஏகப்பட்ட பெயர்கள், யார் யாரென்றே பிடிபடவில்லை. நாயகன் எதையும் துப்பறிவதாகவும் தெரியவில்லை. அவன் தேடும் பெண்ணே அவனுக்குப் போன் செய்கிறாள்! ராஜேஷ்குமார், கணேஷ் – வசந்த் என்று படித்து வளர்ந்தவன் நான். தொடரலாமா, மூடிவைக்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: தொடருங்கள். ஆனால் உங்கள் புகார் நியாயமானது. டாப்னி மோனே தானாகவே போன் செய்யும் இடம் எனக்கும் உறுத்தியது. தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கூலி வாங்கியவன் ஈஸி ராலின்ஸ். அவன் மூளையைக் கசக்க வேண்டிய கட்டத்தில் கதாசிரியர் அந்த வேலையை டெலிபோனிடம் விட்டுவிட்டார். இனி வரும் பக்கங்களிலும் இப்படி ஒன்று உண்டு. ஈஸி வசமாக மாட்டிக்கொள்ளும்போது, ஹூஸ்டனில் இருக்க வேண்டிய பழைய நண்பன் மௌஸ் சரியான நொடியில் வந்து நிற்பான்.

இருந்தும் ஏன் படிக்கச் சொல்கிறேன் என்றால், இந்த நாவலின் உயிர் ‘கொலை செய்தது யார்’ என்பதில் இல்லை. ‘வீட்டுத் தவணையை இவன் எப்படிக் கட்டுவான்’ என்பதில் இருக்கிறது. 1948, லாஸ் ஏஞ்சல்ஸ். உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய கறுப்பர் ஈஸி. விமானத் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது. வாட்ஸ் பகுதியில் கடனில் வாங்கிய சின்ன வீடு. ரேமண்ட் சாண்ட்லர் கதைகளில் வரும் துப்பறிவாளன் மார்லோவுக்கு வாடகை அலுவலகம்தான், இழக்கச் சொத்து கிடையாது. போலீஸிடம் நக்கலாகப் பேசிவிட்டு வெளியே வந்துவிடுவான். ஈஸிக்கு அந்த வசதி இல்லை. துப்பறியும் லைசென்ஸும் இல்லை, அலுவலகமும் இல்லை. போலீஸ் அவனைப் பிடித்துப் போய் அடிக்கிறது, பிறகு நடுராத்திரியில் தெருவில் விட்டுவிடுகிறது. அந்தப் பக்கங்களை அவசரப்பட்டுத் தாண்டியிருந்தால் திரும்பப் போய்ப் படியுங்கள்.

வேலையைத் திரும்பக் கேட்டு அவன் பழைய மேலாளர் பென்னியிடம் போகும் அத்தியாயத்தையும் சேர்த்துப் படியுங்கள். பென்னி எதிர்பார்ப்பது ஒரு மன்னிப்பு, கொஞ்சம் கெஞ்சல். ஈஸிக்கோ பணம் அத்தனை அவசரம். அப்படியிருந்தும் ‘மிஸ்டர் ராலின்ஸ்’ என்று மரியாதையாகப் பேசச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறான். கொலை, துப்பாக்கி ஒன்றும் இல்லாத காட்சி. என்னைப் பொறுத்தவரை புத்தகத்திலேயே பலமான காட்சி அதுதான். டாப்னியைத் தேடச் சொல்லிக் கூலி கொடுக்கும் வெள்ளைக்காரன், வெள்ளை லினன் சூட் போட்ட ஆல்பிரைட்டின் பணத்தை அவன் ஏன் தொடுகிறான் என்பதும் இங்கேதான் முழுசாகப் புரியும்.

துப்பறிதலே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மளிகைக் கடைக்குப் பின்னால் இருக்கும் ஜானின் திருட்டுச் சாராயக் கூடத்தில் ஈஸி உட்கார்ந்து குடிக்கிறான், ஊர்க்கதை பேசுகிறான், நடுவில் ஒரு கேள்வியைச் சொருகுகிறான். அங்கே அவன் வாயில் வருவது தெற்கத்திப் பேச்சு. வெள்ளைக்காரர்கள் முன்னால் பள்ளிக்கூட ஆங்கிலம். ஆல்பிரைட்டால் உள்ளே நுழைந்து இப்படிப் பேச்சுக் கொடுக்க முடியாது, அதனால்தான் இவனுக்குக் கூலி. தடயத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதைவிட இது எனக்கு நம்பும்படி இருக்கிறது.

நிஜமான பலவீனம் டாப்னிதான். தலைப்பே அவளைச் சொல்கிறது, ஆனால் அவளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் ஆண்கள் அவளைப் பார்த்து மயங்குவது மட்டும்தான். அவளுடைய ரகசியம் கதையிலேயே கனமான விஷயம். அதைக் கடைசியில் அவசர அவசரமாகச் சொல்லி முடித்துவிடுகிறார். 1990இல் வெளியான இது மோஸ்லியின் முதல் நாவல் என்றாலும், இந்தக் குறையை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு துண்டுத் தாள் போதும். யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள், கதை பிடிபட்டுவிடும். 1995இல் டென்செல் வாஷிங்டன் நடித்து வந்த படத்தை மட்டும் முதலில் பார்த்துவிடாதீர்கள். ஈஸிக்கும் டாப்னிக்கும் நடுவில் நாவலில் நடப்பதைப் படத்தில் நீக்கிவிட்டார்கள்.