8×4×2 அடி மேட்டுப்பாத்தியை அதிகச் செலவில்லாமல் எதைக் கொண்டு நிரப்புவது?

கேள்வி இதுதான்: 8 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரத்தில் பெட்டி செய்தாகிவிட்டது, பாட்டிங் மிக்ஸ் (தொட்டிச் செடிகளுக்கென்று விற்கும் தயார் மண்கலவை) மூட்டைகளுக்குக் கணக்குப் போட்டால் பெட்டிக்கு ஆனதைவிட மண்ணுக்கு அதிகம் ஆகிறது, என்ன செய்யலாம்?

கணக்கு சரிதான். 64 கன அடி என்றால் சுமார் 1,800 லிட்டர், 50 லிட்டர் மூட்டையில் 36 மூட்டை. ஆனால் அவ்வளவும் நல்ல மண்ணாக இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல மண் தேவைப்படுவது மேலே உள்ள 1 அடிக்கு மட்டும்தான். கீரை வகைகளுக்கு 15 முதல் 20 செ.மீ. ஆழம் போதும். தக்காளி, கத்தரி, மிளகாயின் வேர் இன்னும் கீழே போகும் என்றாலும், சத்தை உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் 30 செ.மீ.க்குள்தான் இருக்கும். அதற்குக் கீழே போகும் வேர் தண்ணீரைத் தேடியும் பிடிமானத்துக்காகவும் போகிறது. அங்கே மக்கிக்கொண்டிருக்கும் மரக்கட்டை இருந்தாலும் அதற்கு ஒன்றும் குறைவில்லை.

விலைக்கு வாங்கும் முன் மண்வெட்டியை எடுங்கள். பெட்டி தரையில்தான் உட்காரப்போகிறது, அடிப்பலகை இல்லை என்றால், பெட்டிக்குள் இருக்கும் தரையின் மேல்மண்ணை அரை அடி ஆழத்துக்கு வெட்டி, பக்கத்தில் ஒரு தார்ப்பாயில் குவித்துவிடுங்கள். பலர் அந்த மண்மேல் அட்டையைப் போட்டு, குப்பைகூளத்தைக் கொட்டி மூடிவிட்டு, மேலே போட மண்ணை விலைக்கு வாங்குகிறார்கள். புழுவும் மக்கும் வேரும் கலந்து, அந்த இடத்திலேயே சிறந்ததாக இருக்கும் மண் 2 அடிக்குக் கீழே புதைந்துபோகிறது. பார்க்கவே மனசு கேட்காது. 8×4 அடியில் அரை அடி வெட்டினால் 16 கன அடி. வெட்டிய மண் உதிர்ந்து கால் பங்கு உப்பும், அதனால் கையில் கிடைப்பது ஏறக்குறைய 20 கன அடி. மேல் 1 அடிக்கு மொத்தத் தேவையே 32 கன அடிதான். மீதி 12 கன அடிக்கு, அதாவது சுமார் 340 லிட்டருக்கு, மக்கிய உரம் வாங்கினால் போதும். 1,800 லிட்டர் 340 ஆகிவிட்டது.

இதற்கு இரண்டு விலக்கு உண்டு. அந்த இடத்தில் கோரையோ அருகம்புல்லோ மண்டியிருந்தால் அந்த மண்ணை மேலே போடக் கூடாது. கோரைக்கிழங்கு ஒன்று தப்பினாலும் போதும், பாத்தி முழுக்கப் பரவும். அதன் முளை ஈட்டி மாதிரி கூர்மையானது, அட்டையைக்கூடக் குத்திக்கொண்டு வரும். பழைய பெயின்ட் உதிரும் சுவர் ஓரத்து மண்ணும் வேண்டாம், ஈயம் கலந்திருக்கலாம். இந்த இரண்டு நிலையிலும் தோட்டத்தின் வேறு மூலையில், நடைபாதை விடப்போகும் இடத்தில், வெட்டிக்கொள்ளுங்கள்.

மண் எப்படிப்பட்டது என்று தெரிய ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், ஓரிரு நாள் கலங்கலாகவே இருந்துவிட்டுக் கடைசியில் படிவது களிமண். களி பாதிக்கு மேல் இருந்தால் உரத்தின் பங்கைக் கூட்டுங்கள். மணலைக் கொட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்; களியில் கொஞ்சம் மணல் சேர்ந்து காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். லாரி மண் வாங்குவதாக இருந்தாலும் இறக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

இனி அடிப்பகுதி. வெட்டிய பள்ளம் 16, அதன்மேல் 1 அடி உயரத்துக்கு 32, ஆக 48 கன அடியை இலவசமாகக் கிடைப்பதைக் கொண்டே நிரப்பலாம். ஜெர்மன் மொழியில் இதை ஹூகல்கல்டூர் என்பார்கள், மேட்டு வேளாண்மை என்று பொருள். பள்ளத்தின் அடியில், பளபளப்பு இல்லாத அட்டையை டேப்பும் பின்னும் நீக்கி, ஓரங்கள் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து நனையுங்கள். களை இல்லாத இடம் என்றால் அட்டையே தேவையில்லை. அதன்மேல் கனமான கட்டைகள். உளுத்த, கையால் பிய்த்தால் நார்நாராக வரும் கட்டைதான் இதற்கு முதல்தரம். அது ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைக் குடித்துவைத்துக்கொள்ளும். பச்சைக் கட்டையைவிட மண்ணிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுப்பதும் குறைவு.

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான பாத்திகள் கெட்டுப்போகின்றன. கட்டைகளுக்கு இடையிலுள்ள சந்துகளை அப்படியே விட்டு, மேலே இலையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அடுத்த நல்ல மழையில் மேல்மண் அந்தச் சந்துகளுக்குள் சரிந்து, செடி நட்ட இடம் குழியாகிறது, வேர் அந்தரத்தில் தொங்கிக் காய்கிறது. அதனால் கட்டை ஒரு வரிசை அடுக்கியதும், பழைய தொட்டி மண்ணோ, பள்ளத்தின் அடியில் கிடைத்த மட்டமான மண்ணோ அள்ளிப்போட்டு, குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிச் சந்துகளுக்குள் இறக்குங்கள். தண்ணீரோடு மண் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். போவது நின்ற பிறகுதான் அடுத்த வரிசை.

கட்டைக்கு மேல் சுள்ளி, அதற்கு மேல் சருகு. சருகை முழு இலையாகக் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் மாதிரி படிந்து தண்ணீரை இறங்கவிடாது, நொறுக்கிப் போடுங்கள். 10 செ.மீ. சருகுக்கு 3 முதல் 5 செ.மீ. பச்சைப் பொருள், அதாவது வெட்டிய புல், களைச்செடி, காய்கறிக் கழிவு. சருகில் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 50-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும், பச்சைப் புல்லில் 20-க்கு 1. இரண்டும் கலந்து 30-க்கு 1 பக்கம் வந்தால் மக்குவது வேகமாக நடக்கும். புல்லை மட்டும் தடிமனாகப் போட்டால் காற்றுப் புகாமல் கொழகொழவென்று அழுகி நாறும். ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து, ஏறி நின்று மிதியுங்கள். உலர்ந்த கட்டையையும் சருகையும் அப்படியே மூடிவிட்டால் பிறகு மேலே ஊற்றும் தண்ணீரையெல்லாம் அவைதான் குடிக்கும்.

எந்த மரமும் ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். பெயின்ட் அடித்தது, பிளைவுட், ரசாயனத்தில் ஊறவைத்த மரம் இவை கூடவே கூடாது. பழைய பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். கருப்பு வால்நட் மரம் வெளியிடும் ஜுக்லோன் தக்காளியைக் கொல்லும். முருங்கை மாதிரி வெட்டிப்போட்ட கிளையே துளிர்விடும் மரங்களை நன்றாகக் காயவைத்துத்தான் புதைக்க வேண்டும். கறையான் தொல்லை உள்ள இடம், அதிலும் வீட்டுச் சுவரை ஒட்டிய பாத்தி என்றால் கட்டையே வேண்டாம், சருகும் புல்லும் மட்டும் போடுங்கள். அதிகம் அமிழும், அவ்வளவுதான்.

வடிகாலுக்கு என்று அடியில் ஜல்லி பரப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். ஈர ஸ்பாஞ்ச் ஒன்றைக் கையில் பிடித்துப் பாருங்கள்: சொட்டுவது நின்ற பிறகும் அதன் அடிப்பகுதி மட்டும் ஊறியே இருக்கும். அதை ஜல்லிமேல் வைத்தாலும் அந்தத் தண்ணீர் இறங்காது. மண்ணும் அப்படித்தான். நுண்ணிய துளைகளிலிருந்து பெரிய இடைவெளிக்குத் தண்ணீர் எளிதில் தாவாது, மண் முழுக்க நிறைந்த பிறகே கீழே விழும். ஜல்லி போட்டால் நீர் தேங்கும் மட்டம் வேருக்குப் பக்கத்தில் ஏறுகிறது. இடத்தை அடைக்கத் தெர்மோகோல் போடுபவர்களும் உண்டு. அது பொடிப்பொடியாகி மண்ணோடு கலந்துவிட்டால் திரும்பப் பொறுக்கி எடுக்கவே முடியாது.

மேல் 1 அடிக்கு எடுத்துவைத்த 20 கன அடி மண்ணையும் 12 கன அடி உரத்தையும் தார்ப்பாயிலேயே கலந்து போடுங்கள். அடியிலுள்ள மரத்தை மேல்மண்ணோடு கலக்கக் கூடாது; தனி அடுக்காக இருந்தால் இரண்டும் தொடும் இடத்தில் மட்டும்தான் தழைச்சத்து இழுபடும், கலந்துவிட்டால் பாத்தி முழுக்கப் பட்டினி. உரம் நல்லதுதானே, மண்ணே இல்லாமல் உரமாகவே நிரப்பலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது வேகமாக அமிழும், உப்பும் பாஸ்பரஸும் அளவுக்கு மீறிச் சேரும், ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடும்.

செலவு செய்யும் ஒரே பொருள் இந்த உரம் என்பதால் இதில் ஏமாறக் கூடாது. எடைக்கு வாங்கினால் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகினால் நீங்கள் வாங்குவது தண்ணீரை. பிழிந்தால் உருண்டையாக நின்று, தொட்டால் உதிர வேண்டும். மக்கிவிட்டதா என்று பார்க்க, கொஞ்சம் நனைத்துப் பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி 3 நாள் வையுங்கள். திறந்ததும் புளித்த வாடையோ மூக்கைக் குத்தும் அமோனியா வாடையோ வந்தால் இன்னும் மக்கவில்லை. மண் வாசனை வந்தால் சரி. கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் வேர் கருகும்.

மாட்டெருவில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது. மேய்ச்சல் நிலத்தில் அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லி தெளித்திருந்தால், அது மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்தில் அப்படியே வரும், மக்கவைத்த பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். தக்காளியும் பீன்ஸும் இதற்கு முதல் பலி. எருவையும் நல்ல மண்ணையும் பாதிக்குப் பாதி கலந்து மூன்று சின்னத் தொட்டி, வெறும் மண்ணில் மூன்று தொட்டி, எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை. மூன்று வாரத்தில் எருத் தொட்டிகளில் மட்டும் புதிய இலை கிண்ணம்போல் குவிந்தோ பெரணி இலைபோல் சுருண்டோ வந்தால் அந்த எருவைத் தொடாதீர்கள். வைக்கோலுக்கும் இதே சோதனை பொருந்தும்.

விளிம்புக்கு மேல் சற்றுக் கூம்பாக வரும்படி நிரப்பி, 3 அல்லது 4 வாரம் ஈரம் காயாமல் விட்டுப் பிறகு நடுங்கள். முதல் பருவத்தில் அடியிலைகள் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. 5 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் யூரியா கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றினால் தேறும். முதல் வருடம் மண்மட்டம் கண்ணெதிரே இறங்கும், பயப்பட வேண்டாம், கீழே மக்குகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் 3 முதல் 5 செ.மீ. உரம் மேலே பரப்பி, சருகு மூடாக்கு போட்டுவிடுங்கள். கொத்திக் கலக்க வேண்டியதில்லை, மண்புழு இழுத்துக்கொள்ளும்.

பெட்டியின் உயரம் 1 அடியோ அதற்குக் குறைவோ என்றால் கட்டை, சுள்ளி எதுவும் வேண்டாம். அடித்தரையைக் கடப்பாரையால் நெகிழ்த்திவிட்டு மண்ணும் உரமும் மட்டும் போட்டால் வேர் தரைக்குள் தானே இறங்கிவிடும். மொட்டை மாடியில் வைப்பதாக இருந்தால் மட்டும் நிரப்பும் முன் நில்லுங்கள்: 1,800 லிட்டர் ஈரமண் கிட்டத்தட்ட 3 டன் எடை வரும். கட்டடப் பொறியாளர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு கூடை மண்ணும் மேலே ஏற்றாதீர்கள்.