வீட்டிலேயே டப் ரெகே இசை செய்து, சொந்தமாக வெளியிட முடியுமா? கணினி மட்டும் போதுமா?

முடியும். ஜமைக்காவின் ரெகே பாட்டிலிருந்து குரலையும் வாத்தியங்களையும் எடுத்துவிட்டு, மிஞ்சியதில் எதிரொலி சேர்த்துச் செய்வதுதான் டப். லண்டனில் என் படுக்கையறையில் செய்த இசையை ஏழு அங்குல இசைத்தட்டுகள் நான்காக வெளியிட்டிருக்கிறேன்.

லண்டனின் தெருவிழாவான நாட்டிங் ஹில் கார்னிவலில் ஒரு சவுண்ட் சிஸ்டத்தின் முன், அதாவது பாட்டுப் போட்டுக் கூட்டத்தை ஆடவைக்கும் பெரிய ஒலிபெருக்கிகளின் முன், நின்றபோதுதான் இந்தப் பித்து பிடித்தது. பேஸ் என்ற தாழ்ந்த ஒலி காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் கையிலிருந்த ரெகே பாட்டு ஒன்றில் எதிரொலியை அள்ளிக் கொட்டினேன். சேறாகிவிட்டது. டப் என்பது முதலில் எடுத்துவிடுகிற கலை என்று புரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அது பிறந்த கதையே அதைத்தான் சொல்கிறது. 1960களின் இறுதியில் ஜமைக்காவில் ரூடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டக்காரருக்காக இசைத்தட்டு வெட்டும்போது, பாடகரின் குரல் விடுபட்டுப்போனது. அதை அவர் அப்படியே ஒலிக்கவிட்டார். கூட்டம் தானே பாடியது. பிறகு கிங் டப்பி வந்தார். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவர். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில், தம் வீட்டில், தனித்தனியாகப் பதிவான நான்கே டிராக்குகளை வைத்துக்கொண்டு, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரை ஒரு வாத்தியமாகவே வாசித்தார். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் அவருடைய ஹை-பாஸ் ஃபில்டரின் பெரிய குமிழைத் திருப்பினால், கீழிருந்து பேஸ் கரைந்து மேலே வெறும் சலசலப்பு மட்டும் மிஞ்சும். இன்றும் அதைக் கேட்டால் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

ஆகவே, டிரம்ஸும் பேஸும் மட்டும் ஒலித்தாலே ஐந்து நிமிடம் அலுக்காமல் கேட்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் எந்தக் கருவியாலும் அதைக் காப்பாற்ற முடியாது. அடுத்தது எதிரொலியின் கால அளவு. வேகம் நிமிடத்துக்கு 75 தாளத் தட்டு என்றால் ஒரு தட்டு 800 மில்லிசெகண்ட். நான் பெரும்பாலும் 600 வைப்பேன். முக்கால் தட்டில் திரும்பிவரும் ஒலி தாளத்தோடு மோதி நடனமாடும். ஸ்னேர் டிரம்மின் ஒரே ஓர் அடியை மட்டும் எதிரொலிக்குள் அனுப்பிவிட்டு உடனே மூடிவிட வேண்டும். இதையெல்லாம் பாட்டு ஓடும்போதே கையால் செய்து, நேராகப் பதிவு செய்கிறேன். ஒரு பாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை. தேர்ந்தெடுத்ததை வெட்டி ஒட்டுவதில்லை.

வெளியீட்டில் முதல் அடி பலமாகவே விழுந்தது. 300 பிரதிகளுக்குப் பணம் கட்டியிருந்தேன். மாதிரி இசைத்தட்டில் ஊசி துள்ளிக் குதித்தது. பேஸை ஸ்டீரியோவில் இருபுறமும் விரித்து வைத்தது என் பிழை. தாழ்ந்த ஒலிகள் இரண்டு பக்கமும் வேறுபட்டால், இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளம் மேலும் கீழுமாக ஏறி இறங்கும். ஊசி அதில் நிலைக்காது. பேஸை மோனோவாக்கி, அதாவது இருபுறமும் ஒன்றேயாக்கி, மறுபடியும் வெட்டக் கொடுத்தேன். பிறகு பெட்டியைத் தோளில் சுமந்து கடை கடையாகப் போனேன். பத்து, ஐந்து என்று எடுத்துக்கொண்டார்கள். முதலில் போட்ட பணம் திரும்ப ஒன்றரை ஆண்டு ஆனது.

கணினி மட்டும் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். ஆனால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களும் குமிழ்களும் உள்ள சிறு கன்ட்ரோலர் ஒன்றை எப்படியாவது வாங்கிவிடுங்கள். கிடாரை மூடும் அதே நொடியில் ஸ்னேரை எதிரொலிக்குள் தள்ள இரண்டு கைகள் வேண்டும். மவுஸுக்கு ஒரு கைதான்.