எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிகிறது, சிகரெட்டால் விழித்திரைக்கு ஆபத்து உண்டா?

கேள்வி: வயது 48. 25 வருடமாகத் தினமும் பத்து சிகரெட். கண் பரிசோதனையில் கடைசி வரி வரை படித்துவிட்டேன். ஆனால் அப்பாவுக்கு வயதான காலத்தில் மாகுலா தேய்ந்து நடுப்பார்வை போய்விட்டது. எனக்கும் வருமா? கண்ணுக்கான வைட்டமின் மாத்திரை போடலாமா?

பதில்: கடைசி வரி வரை படித்தது நல்ல விஷயம்தான், ஆனால் அதை வைத்து விழித்திரை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மாகுலா என்பது விழித்திரையின் நடுவில் சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள இடம். படிப்பது, முகம் அடையாளம் காண்பது எல்லாம் அதை நம்பித்தான். அதற்கு அடியில் ட்ரூசன் என்கிற மஞ்சள் படிவுகள் சேர ஆரம்பித்தாலும் பல வருடம் பார்வை குறையாது.

விழித்திரைக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதோடு மாகுலாவைக் காக்கும் லூட்டீன் என்ற மஞ்சள் நிறமியும் புகைப்பவர்களுக்குக் குறைவாகவே இருக்கிறது. அதனால்தான் இந்த நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு 2 முதல் 4 மடங்கு வரை அதிகம். அப்பாவுக்கும் இருந்ததால் நீங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வந்தே தீரும் என்று அர்த்தமில்லை.

மாத்திரை விஷயத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) உள்ள மாத்திரை புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும்; 2013ல் வெளியான, கண் வைட்டமின் மாத்திரைகளைச் சோதித்த ஏரெட்ஸ்-2 ஆய்வுக்குப் பிறகு அதற்குப் பதில் லூட்டீனும் அதே போன்ற நிறமியான ஸியாசாந்தினும் சேர்த்த கலவையைத்தான் பரிந்துரைக்கிறோம். அதுவும் நோய் ஓரளவு முற்றியவர்களுக்குத்தான், வராமல் தடுக்க அல்ல.

உண்மையில் உங்கள் கையில் இருக்கும் மருந்து சிகரெட்டை விடுவதுதான். விட்ட பிறகு அபாயம் மெதுவாகத்தான் இறங்கும், புகைக்காதவர் அளவுக்கு வர 20 வருடம்கூட ஆகலாம். ஆனால் 48ல் விட்டால் 68ல் அந்தப் பலன் கிடைக்கும், இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டுகிற வயதும் அதுதான்.

அப்புறம் வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். வழக்கமாகப் போடும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் மூடி, கதவுச் சட்டத்தையோ தரை ஓடுகளின் கோட்டையோ பாருங்கள், பிறகு மறு கண். இரண்டும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். நேர்க்கோடு வளைந்தோ, நடுவில் கறுப்புத் திட்டோ தெரிந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயில் ரத்தம் கசியும் வகையை ஊசி மருந்தால் கட்டுப்படுத்த முடியும், ஆனால் சீக்கிரம் வந்தால்தான்.

எதுவும் தெரியாவிட்டாலும் ஒருமுறை கண் பாப்பாவை விரியவைக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்த்துவிடுவது நல்லது. சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள்.