மினி லாரி டெயில் டோரில் (பின்பக்கக் கதவில்) நடுக் கீல் மட்டும் ஏன் விட்டுப்போகிறது? பட்டறையில் சொந்தமாகக் கீல் அடிப்பது எப்படி?

கேள்வியில் உள்ளபடி: டோர் 1500 மி.மீ. அகலம், 400 மி.மீ. உயரம். மூன்று கீல். ஏற்றுவது சிமென்ட் மூட்டையும் எம்-சாண்டும். கடையில் வாங்கிப் போடும் கீல்களில் நடுவில் இருப்பது மட்டும் வெல்டிங்கோடு பிய்த்துக்கொண்டு வருகிறது. இன்னும் கனமான கீல் அடித்துப் போட்டால் நிற்குமா என்று கேட்கிறீர்கள்.

கனம் கூட்டினால் மட்டும் நிற்காது. டோர் மூடியிருக்கும்போது அது 400 மி.மீ. உயரமுள்ள ஒரு உத்திரம். செங்குத்தாக அது வளையவே வளையாது. ஆனால் அதற்குக் கீழே இருக்கும் கிராஸ் மெம்பர் (பாடியின் குறுக்குச் சட்டம்) லோடு ஏறினால் வளையும். நடுவில் தொய்யலாம், அல்லது சேசிஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரு ஓரமும் இறங்கலாம். எப்படியானாலும் மூன்று கீலின் மையமும் ஒரே கோட்டில் இருந்த நிலை கெடுகிறது. வளையாத டோரும் வளையும் கிராஸ் மெம்பரும் நடுக் கீலை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். சிறு விலகல் போதும், வெல்டிங் ஓரத்தில் விரிசல் விழ.

ஆகவே ஓரத்து இரண்டு கீலும் அளவான துளையோடு இருக்கட்டும். நடுக் கீலில் பாடியோடு ஒட்டிய குழல்களில், பின் (கீலின் ஆணி) நுழையும் துளையை மட்டும் 2 மி.மீ. பெரிதாக்குங்கள். 16 மி.மீ. பின் என்றால் அங்கே 18 மி.மீ. துளை. டோரைத் திறந்து மேலே ஆள் நிற்கும்போது டோர் வளைந்து வரும். நடுக் கீல் அப்போதுதான் வேலைக்கு வரும். மற்ற நேரம் சும்மா இருக்கும். பக்கவாட்டிலும் ஒரு கீல் மட்டுமே டோரின் இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். மற்ற இரண்டிலும் குழலுக்குக் குழல் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

அடுத்த எதிரி, டோர் எங்கே போய் நிற்கிறது என்பது. திறந்த டோரைத் தாங்கும் செயின் நீளமாக இருந்து, டோர் விழும்போது டோரோடு ஒட்டிய கீலின் பட்டையே பாடியில் இடித்து நிற்கிறது என்று வையுங்கள். இடிக்கும் இடம் பின் மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி. டோரின் நுனி 400 மி.மீ. தள்ளி. நெம்புகோல் 20 மடங்கு. நுனியில் 80 கிலோ ஆள் ஏறினால் கீல்களைப் பிடுங்கும் விசை 1600 கிலோ எடைக்குச் சமம். எந்தக் கீலும் இதற்குத் தாங்காது. டோர் மட்டமாக வந்ததும் இரண்டு ஓரச் செயினும் ஒரே நேரத்தில் இறுக வேண்டும். ஒரு செயின் ஒரு கண்ணி நீளமாக இருந்தாலே டோர் முறுக்கிக்கொள்ளும்.

இப்போது அளவுகள். ஆள் 80 கிலோ, மூட்டை 50 கிலோ. தூக்கிப் போடும் அதிர்ச்சிக்கு மூன்று மடங்கு வைத்து, டோரின் சொந்த எடையும் சேர்த்தால் சுமார் 5000 நியூட்டன். மோசமான நிலையில் அத்தனையும் ஒரே கீலில் விழும் என்று கணக்கிடுங்கள். நடுவில் ஒரு குழல், இருபுறமும் ஒவ்வொரு குழல் என்று இருந்தால் பின் இரண்டு இடத்தில் வெட்டுப்பட வேண்டும். 12 மி.மீ. பின்னில் அந்த இரண்டு வெட்டுமுகமும் சேர்ந்து 226 சதுர மி.மீ.; ஒரு சதுர மி.மீ.க்கு 22 நியூட்டன்தான் வருகிறது. சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடே இதைத் தாங்கும். அப்படியிருக்க 16 மி.மீ. எதற்கு? பின் வெட்டுப்பட்டு உடைவது அபூர்வம். வளைந்தோ தேய்ந்தோதான் கெடும். வளைவைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும் என்பதால், 12-லிருந்து 16-க்குப் போனால் அது 2.37 மடங்கு ஆகிறது.

பின்னைவிடப் பட்டையில்தான் கவனம் வேண்டும். குழல் பட்டையின் நேர்க்கோட்டில் இல்லாமல் வெளியே தள்ளி நிற்பதால், இழுவிசை பட்டையை மடக்கப் பார்க்கும். 28 மி.மீ. குழலின் உள் விளிம்பும் பட்டையின் உள்முகமும் சமமாக இருக்கும்படி வைத்தால், 40 மி.மீ. அகலப் பட்டை 6 மி.மீ. கனத்தில் சதுர மி.மீ.க்கு சுமார் 229 நியூட்டன் அழுத்தம் வாங்கும். எம்.எஸ். நெளியத் தொடங்குவது 250 பக்கம். அதே பட்டை 8 மி.மீ. கனத்தில் 117 தான். கடைக் கீல்களில் பட்டை நிமிர்ந்துபோவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். 8 மி.மீ. போடுங்கள்.

ஒரு கீலுக்கு வேண்டியவை: 28 மி.மீ. எம்.எஸ். உருளையில் லேத்தில் துளைபோட்ட குழல்கள், 20, 40, 20 மி.மீ. நீளத்தில் மூன்று. டோர் பக்கம், நடுக் குழலோடு சேர, 40×8 பட்டை 200 மி.மீ.; பாடி பக்கம், வெளிக் குழல் இரண்டோடு சேர, 80×8 தகடு 100 மி.மீ. நடுக் குழல் ஏன் 40? வெளியே இரண்டு குழல் பகிர்ந்துகொள்ளும் சுமையை அது ஒன்றே சுமக்கிறது. மூன்றையும் சமமாக வெட்டினால் நடுக் குழல்தான் முதலில் தேயும்.

பின்னுக்கு எம்16, 8.8 கிரேடு, பாதி மரை உள்ள 130 மி.மீ. போல்ட் நல்ல தேர்வு. அதில் மரை இல்லாத வழவழப்பான பகுதி 86 மி.மீ. வரும், குழல்களையும் ஒரு வாஷரையும் முழுக்கத் தாண்டும். பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி விடும் கீல்களில் மட்டும் அந்தக் கணக்கு சற்று இழுக்கும். அங்கே 140 மி.மீ. வாங்குங்கள். முழு மரை போல்ட் வேண்டாம். மரை குழலை அரம்போல் அராவிவிடும். நைலாக் நட்டை (தானாகக் கழலாத நட்டு) குழல்கள் நெருக்கப்படாத அளவுக்குத் திருப்பி நிறுத்திவிட்டு, மிச்ச மரையை வெட்டிவிடலாம்.

லேத்காரரிடம் சொல்ல வேண்டியது: துளையின் முடிவளவு 16.2 மி.மீ., ஆனால் முதலில் 15.5 போதும். வெல்டிங் சூட்டில் துளை சுருங்கி நீள்வட்டமாகும், ஆகவே வெல்டிங் முடிந்த பிறகுதான் 16.2-க்கு ரீமர் (துளையைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் கருவி) ஓட்ட வேண்டும். ரீமர் இல்லாத பட்டறை என்றால் முதலிலேயே 16.3 போட்டு, உள்ளே ராடு வைத்து வெல்டிங் அடியுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், லோடு வண்டிக்குப் பாதகமில்லை.

அரை இஞ்சு ஜி.ஐ. பைப்பைக் குழலாக வைப்பது பல இடங்களில் நடக்கிறது. 16 மி.மீ. ராடு அதில் ஏறக்குறைய சரியாக நுழைவதுதான் கவர்ச்சி. ஆனால் மீடியம் பைப்பின் சுவர் 2.6 மி.மீ. மட்டுமே. உள்ளே தையல் மேடு இருக்கும்; பின் அதன்மேல் ஒரே கோட்டில் உட்கார்ந்து தேயும். துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் குமிழிடும், புகை காய்ச்சலை வரவழைக்கும். எம்-சாண்டு வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

உலோகத்திலும் ஒரு பொறி உண்டு. கடையில் ‘பிரைட் பார்’ என்று கேட்டால் கிடைப்பது பல நேரம் கந்தகம் சேர்த்த, லேத்துக்கு இதமான ரகம். வெல்டிங் செய்தால் சூட்டிலேயே விரிசல் விடும். இ.என்.8 என்ற எஃகு ரகத்தில் கரி சுமார் 0.4 சதவீதம், முன்சூடு கொடுக்காமல் வெல்டிங் அடித்தால் ஓரம் கண்ணாடிபோல் நொறுங்கும். அதனால் குழலுக்குச் சாதாரண எம்.எஸ். மட்டும். பின்னின் தலையைக் குழலோடு வெல்டிங்கில் ஒட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், 8.8 போல்டும் அந்தச் சூட்டில் தன் பலத்தை இழக்கும்.

பின் மையம் எங்கே வர வேண்டும் என்பதை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். மையம் டோரின் கனத்துக்குள் போனால், திறக்கும்போது டோரின் வெளி விளிம்பு கீழே இறங்கிக் கிராஸ் மெம்பரில் இடிக்கும். மையம் டோரின் வெளிமுகத்திலிருந்து எவ்வளவு வெளியே இருக்கிறதோ, டோர் முழுக்கத் தொங்கும்போது அதைப்போல் இரு மடங்கு இடைவெளி கிடைக்கும். மேலே சொன்ன கீலில் மையம் 14 மி.மீ. வெளியே, இடைவெளி 28. இரண்டு 8 மி.மீ. பட்டை போக மிச்சம் 12. நேருக்கு நேர் எம்10 போல்ட் தலை இரண்டு வந்தால் 12.8, அதாவது இடிக்கும். துளைகளைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள். பம்பர் 40 மி.மீ. துருத்திக்கொண்டிருந்தால் மையம் 20-க்கு மேல் வெளியே வர வேண்டும். இரு பக்கத் தகட்டின் அடியிலும் 8 மி.மீ. பேக்கிங் வைத்தால் 22 ஆகும். அட்டையில் டோரையும் பாடியையும் பக்கவாட்டுத் தோற்றமாக வெட்டி, ஒரு குண்டூசியில் சுழற்றிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் இதெல்லாம் தெரிந்துவிடும்.

பொருத்தும் முறைதான் மொத்த வேலையின் உயிர். மூன்று கீலையும் தனித்தனியாக வைத்து வெல்டிங் அடித்தால் மையக்கோடு ஒருநாளும் சேராது. 16 மி.மீ. நேரான பிரைட் ராடு ஒன்று, டோரின் அகலத்துக்கு வாங்கி, மூன்று கீலின் குழல்களையும் அதில் கோத்துவிடுங்கள். துளை இன்னும் 15.5 என்றால் ராடும் லேத்தில் அதற்கேற்பக் கடைந்ததாக இருக்கட்டும். நடுக் கீலின் பெரிய துளைக்கு மெல்லிய தகட்டைச் சுற்றி மையப்படுத்தலாம். டோரை மூடிய நிலையில் கொண்டி போட்டு, அடியில் 6 மி.மீ. தகட்டுத் துண்டுகள் செருகி, கீல் வரிசையைக் கிளாம்பில் பிடித்து டேக் (சிறு பொட்டு வெல்டிங்) மட்டும் வையுங்கள். டோரைத் திறந்து மூடுங்கள். ராடைக் கையால் சுழற்றினால் சுழல வேண்டும். சுழலாவிட்டால் எந்த டேக் இழுக்கிறது என்று பார்த்து அதை மட்டும் வெட்டித் திருத்துங்கள்.

முழு வெல்டிங்கை ராடு உள்ளே இருக்கும்போதே, 25 மி.மீ. துண்டு துண்டாக, ஒரு கீல் விட்டு ஒரு கீலாக, பட்டையின் இரு பக்கமும் மாற்றி மாற்றி அடியுங்கள். 3.15 மி.மீ. 7018 வெல்டிங் ராடு, காயவைத்தது, 110 முதல் 130 ஆம்பியர். 6013-உம் நிற்கும், ஆனால் அதிர்ச்சி வாங்கும் இடத்துக்கு 7018 மேல். மூலையில் உட்காரும் வெல்டிங் பற்று 5 மி.மீ.க்குக் குறையக்கூடாது. தொடங்குவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் துண்டிலேயே கவ்வவிடுங்கள். மின்னோட்டம் பின் வழியாகப் பாய்ந்தால் அதன்மேல் பொறிப்புள்ளிகள் விழும். சேசிஸ் லாங் மெம்பரில் (நீளவாட்டுச் சட்டத்தில்) வெல்டிங் கூடாது. கீல் உட்கார வேண்டியது பாடியின் கிராஸ் மெம்பரில். டோர் பக்கம் பட்டை வெறும் தகட்டில் முடியாமல் சட்டத்தைத் தொட வேண்டும். தகடு மட்டுமே இருக்கிறது என்றால் உள்ளே 5 மி.மீ. தாங்கு தகடு வைத்து எம்10 போல்டில் பிடியுங்கள்.

கடைசியாக, நடுக் குழலில் 5 மி.மீ. துளைபோட்டு எம்6 டேப் செய்து கிரீஸ் நிப்பிள் வையுங்கள். எம்-சாண்டுத் தூசியோடு சேர்ந்த கிரீஸ் தேய்ப்பு மாவாகிவிடும் என்பது உண்மை. அதற்காகக் கிரீஸே இல்லாமல் விடக்கூடாது. வாரம் ஒருமுறை பழையது வெளியே வழியும்வரை அடித்தால் தூசியும் சேர்ந்து வெளியேறும். மீன் பெட்டி ஏற்றும் வண்டிக்கு இந்தக் கீல் அப்படியே ஆகாது. உப்புத் தண்ணீரில் பின் துருப்பிடித்து இறுகி, டோரைத் திறக்கும் முறுக்கில் வெல்டிங் விடும். அங்கே குழலில் கன்மெட்டல் (வெண்கல ரகம்) புஷ்ஷும், அதாவது உள்குழலும், துருப்பிடிக்காத ஸ்டீல் பின்னும் போடுங்கள். புஷ்ஷை வெல்டிங் ஆறிய பிறகே இறுக்கி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் சூட்டில் கழன்றுவிடும்.

ஓரக் கீலில் டோரை மேலும் கீழும் ஆட்டும்போது 1 மி.மீ.க்கு மேல் ஆட்டம் தெரிந்தால் போல்டை மாற்றுங்கள். புது போல்ட் போட்டும் ஆட்டம் போகவில்லை என்றால் தேய்ந்தது குழல். 18-க்கு ரீமர் ஓட்டி 18 மி.மீ. பின் கடைந்து போடலாம், அப்போது நடுக் கீலின் துளையை 20 ஆக்க மறக்காதீர்கள்.